மூங்கிலோடையின் சிவப்புக் கோடு

மைக்கைப் பிடித்து "கனமழை முதல் மிகக் கனமழை" என்று தெருத் தெருவாகக் கத்திவிட்டு வந்தால் எச்சரிக்கை கொடுத்தாயிற்று என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படி நினைத்துத்தான் வருவாய்த் துறையில் பாதிக் காலத்தை ஓட்டினேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். அதைப் பற்றி இங்கே ஒரு வரிகூட எழுதப் போவதில்லை. நான் எழுத வந்தது ஒரு பகல் பொழுதைப் பற்றி. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்வதில்லை. இந்தப் பத்தியை எழுதுவதற்குள்ளேயே எழுந்து கூடத்தில் இரண்டு நடை நடந்துவிட்டு வந்தேன்.

நான் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் வருவாய் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். போன ஊரில் எல்லாம் எனக்கு ஒரே பெயர்தான், ஆர்.ஐ. அம்மா. சொந்த ஊர் களமருதூர். நெல் வயலுக்கு நடுவே வளர்ந்தவளுக்கு மழை என்றால் தலைக்கு மேலே வானம் கருக்க வேண்டும், காற்று மாற வேண்டும், மண் வாசனை வர வேண்டும், அதற்குப் பிறகு கொட்ட வேண்டும். வானம் வெளுத்திருந்தால் பயமில்லை. இது யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை, உடம்பில் ஊறியது. கல்வராயன் மலையடிவாரத்துக்கு மாற்றலாகி வந்தபோது இந்த நினைப்பையும் பெட்டியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் வந்தேன்.

அங்கே என் பொறுப்பில் இருந்த ஊர்களில் ஒன்றை மூங்கிலோடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையிலிருந்து இறங்கும் ஓடை ஊருக்குள் வந்து வளைகிற இடத்தில் சந்தைக் கொட்டகை. அதற்கு எதிரே கடைத்தெரு. மேலே கரியாலூர்ப் பக்கத்து மலைக் குடும்பங்கள் சாமை, கேழ்வரகு, புளி, கடுக்காய் என்று மூட்டை கட்டிக்கொண்டு சந்தைக்கு முதல் நாளே இறங்கி வந்து கொட்டகையில் தங்கிவிடுவார்கள். அவர்கள் சரக்கை வாங்குகிற பெரிய மண்டி சலீம் பாயுடையது. கடை முன்னால், வீடு பின்னால். தெருவில் எந்தக் காரியமானாலும் பாய் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் செய்வார்கள்.

அந்தக் கொட்டகைச் சுவரில் ஒரு சிவப்புக் கோடு. நான் அங்கே போவதற்கு வெகு முன்னால் ஒரு வெள்ளம் வந்திருக்கிறது. தண்ணீர் ஏறி நின்ற மட்டத்தில் ஊர் இளைஞர்கள் ஒரு கோடு போட்டு வைத்தார்கள். ஜாக்கிரதையாக இருக்கத்தான் போட்டார்கள், நல்ல எண்ணம்தான். ஆனால் போகப் போக அந்தக் கோடு வேறு ஏதோ ஆகிவிட்டது. ஒவ்வொரு பொங்கலுக்கும் மாட்டுக் கொம்புக்கு வண்ணம் அடிக்கும்போது அந்தக் கோட்டுக்கும் ஒரு பூச்சு பூசினார்கள். புது வீடு கட்டினால் தரையைக் கோட்டுக்கு மேலே ஒரு முழம் ஏற்றிக் கட்டினார்கள். பெண் பார்க்க வந்தால்கூட, மாப்பிள்ளை வீடு கோட்டுக்கு மேலா கீழா என்று விசாரித்தார்கள். சரக்கு மூட்டையைப் பலகை போட்டுக் கோட்டுக்கு மேலே தூக்கி வைத்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கினார்கள். வெள்ளம் இவ்வளவு வந்தது என்று சொல்ல வேண்டிய கோடு, வெள்ளம் இவ்வளவுதான் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கும் முதல் இரண்டு மழைக்காலம் அது உறைக்கவில்லை. நானும் போகிற வருகிற அதிகாரிகளிடம் அதைக் காட்டி, எங்கள் ஊர்க்காரர்கள் எவ்வளவு விழிப்பாக இருக்கிறார்கள் பாருங்கள் என்று பெருமையடித்தவள்தான்.

நான் சொல்லப்போகிற நாளுக்குச் சில வாரங்கள் முன்னால் இன்னொரு கூத்து நடந்தது. மேலே கரியாலூர்ப் பக்கத்தில் இருந்த தலையாரி, அதாவது எங்கள் கிராம உதவியாளர், பதறியடித்துப் போன் செய்தார். கூடவே ஆரஞ்சு எச்சரிக்கையும் வந்தது. நான் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போய் ஆரஞ்சு ஆரஞ்சு என்று கத்தினேன். ஒரு பெரியவர் ஆட்டோவை நிறுத்தி, "ஆரஞ்சுன்னா இன்னாம்மா, கிலோ எவ்ளோ?" என்று கேட்டார். தெருவே சிரித்தது. எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி எல்லோரையும் மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஏற்றினேன். ஒரு சொட்டுகூட விழவில்லை. மறுநாள் காலை பாயே, முகத்தை நல்லபடியாக வைத்துக்கொண்டு, "தூத்தல் போட்டாகூட சொல்லுங்கம்மா, கொடை எடுத்துக்கறோம்" என்றார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

ஐப்பசி மாதம். மறுநாள் சந்தை. காலையில் லேசாகத் தூறிவிட்டு நின்று, சுள்ளென்று வெயில் அடித்தது. கடைத்தெருவில் துணி காயப் போட்டிருந்தார்கள். கொட்டகையில் மலைக் குடும்பங்கள் வந்து இறங்கி, மூட்டைகளைக் கோட்டுக்கு மேலே இருந்த பலகையில் அடுக்கி முடித்திருந்தார்கள். அப்போது அதே தலையாரியிடமிருந்து போன்.

"அம்மா, இங்க நின்னு பேஞ்சிக்கினு இருக்கும்மா. அருவித் தண்ணி ரோட்டுக்கு வந்துடுச்சு. செவப்பா வருது, மரத்த இழுத்துக்கினு வருது."

நான் அண்ணாந்து பார்த்தேன். நீல வானம். வயல் ஊர்க்காரியின் உடம்பு ஒன்றுமில்லை என்றது. போன தடவை இதே ஆள்தானே பயமுறுத்தினார் என்று மனசு எடுத்துக் கொடுத்தது. இதை நன்றாகக் கவனியுங்கள். மலையில் எவ்வளவு மழை என்று நான் யோசிக்கவே இல்லை. பாய் மறுபடியும் குடையைப் பற்றிப் பேசுவாரே என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். உள்மனசு சொல்லுது, உள்மனசு சொல்லுது என்று பெருமையாகச் சொல்கிறோமே, அன்றைக்கு என் உள்மனசு முழுக்க வெட்கம்தான் உட்கார்ந்திருந்தது. வெட்கத்துக்கு மழையைப் பற்றி என்ன தெரியும்?

எங்கள் மேலதிகாரி அம்மாவுக்குப் போன் போட்டேன். நேரடித் தேர்வில் வந்தவர், என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். பெயர் வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது. தகவலைச் சொன்னேன். எழுத்தில் இன்னும் ஒன்றும் வரவில்லை என்றேன், போன தடவை மாதிரி ஆகிவிடுமோ என்று இழுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ரெண்டு விதமா தப்பு பண்ணலாம் மேடம். காலி பண்ணி, தண்ணி வராம போகலாம். காலி பண்ணாம, தண்ணி வந்துடலாம். இதுல எந்தத் தப்ப உங்களால தாங்க முடியும்?"

எனக்கு உடம்பெல்லாம் ஒரு வேகம் வந்துவிட்டது. வருமா வராதா என்று மலையைப் பார்த்து ஜோசியம் சொல்கிற வேலை என்னுடையது இல்லை என்று அந்த நிமிடத்தில்தான் எனக்குப் புரிந்தது. எந்தத் தப்பைத் தாங்க முடியும் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு வானிலை அறிக்கை தேவையில்லை. போனை வைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். மைக்கைத் தொடவில்லை.

முதலில் கொட்டகை. அங்கே சின்னப்பொண்ணு என்று ஒரு பெண், வருஷக் கணக்காகச் சாமை கொண்டு வருகிறவள். மலைக் குடும்பங்களுக்கு அவள் பேச்சுதான் பேச்சு. மேலே மழை கொட்டுவதைச் சொன்னேன், பள்ளிக்கூடத்துக்கு ஏறச் சொன்னேன். அவள் பயப்படவே இல்லை. "எங்கூர்ல வராத தண்ணியாம்மா. வெத்தல மெல்லற நேரம் வரும், போயிடும். பலக மேல ஏறிக்கினா ஆச்சு" என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. சரிவில் வாழ்கிறவள். அங்கே தண்ணீர் நிற்காது, பாய்ந்து கடந்துவிடும். ஆனால் மூங்கிலோடையில் தண்ணீர் வந்து தேங்கும், ஏறும், இறங்க நேரமெடுக்கும். மலையில் அவளைக் காப்பாற்றிய புத்தி இங்கே அவளைப் பலகை மேலே ஏற்றி மூழ்கடிக்கப் பார்த்தது. எனக்கு வானம் செய்ததைத்தான் அவளுக்குச் சரிவு செய்தது. அதனால் எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, அவசரம்தான் வந்தது.

அவளிடம் நின்று வாதாடினால் பொழுது போய்விடும். தெரு பாயைப் பார்க்கும், கொட்டகையும் பாயைத்தான் பார்க்கும். மண்டிக்கு ஓடினேன்.

பாய் கல்லாவில் இருந்தார். உட்காருங்கம்மா என்று உபசரித்தார். டீ சொல்லட்டுமா என்று கேட்டார். நான் உட்காரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் நிதானமாக, மண்டித் தரை கோட்டுக்கு மேலே ஒரு முழம் என்றார். அவர் அத்தா காலத்தில் கட்டியது, இதுவரை படி நனைந்ததில்லை என்றார். போதாக்குறைக்கு உள்ளே அவர் மகள் ஷாகிரா பிரசவத்துக்கு வந்து, குழந்தை பெற்றுப் படுத்திருந்தாள். அவர்கள் வழக்கப்படி நாற்பது நாள் கழிகிற வரையில் தாயும் பிள்ளையும் வாசற்படி தாண்டுவதில்லை.

"பச்ச ஒடம்புக்காரிம்மா. வெயில்ல, தெருவுல, ஸ்கூல் பெஞ்சுல எப்டி கொண்டு போய் போடறது? கோட்டுக்கு மேல வராது, நீங்க வுடுங்க."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அந்தக் கோட்டைத் தண்ணீரா போட்டது, நாம் போட்டதுதானே என்று கத்தப் பார்த்தேன். நல்லவேளை, வாயை மூடிக்கொண்டேன். கத்தியிருந்தால் அவரும் கத்தியிருப்பார், இரண்டு பேரும் ஜெயிப்பதற்காகப் பேசிக்கொண்டிருப்போம், ஓடை பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். மேலே ரோட்டுக்குக் குழாய் வைத்துப் பாலம் கட்டியதால் மரம் வந்து அடைத்துக்கொள்ளும், ஓடைக் கரையை நெருக்கிக் கட்டடம் வந்துவிட்டது, ஒரு வாரம் பெய்ய வேண்டிய மழை இப்போதெல்லாம் ஒரே மூச்சில் கொட்டுகிறது என்று விளக்கலாம்தான். அத்தனையும் நிஜம். ஆனால் போன தடவையும் இதையேதான் விளக்கினேன், குடைதான் மிச்சம். மண்டியில் சுற்றிலும் புளி மூட்டை. கண்ணில் பட்டதைப் பிடித்துக்கொண்டேன்.

"பாய், புளி இதுவரைக்கும் ஏறினதுலயே ஜாஸ்தி வெலை எதுவோ, அதுக்கு மேல இனிமே ஏறாதுன்னு நெனச்சா வியாபாரம் பண்றீங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. "அது எப்டிங்க? வெலைக்கு இன்னா வரம்பு இருக்குது. ஏறினா ஏறிக்கினேதான் போவும்."

"அப்ப தண்ணிக்கு மட்டும் யாரு வரம்பு போட்டது?"

பாய் தலையைத் திருப்பினார். எதிரே கொட்டகைச் சுவரைப் பார்த்தார். அத்தனை வருஷம் தினமும் பார்த்த கோடுதான். வியாபாரத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. நேற்று வரை நடந்ததை வைத்து நாளைக்கு நடப்பதை நம்பக் கூடாது என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தப் புத்தியை அவர் கல்லாவில் மட்டும்தான் வைத்திருந்தார், கொட்டகைச் சுவர் வரைக்கும் கொண்டு போனதில்லை. நான் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. அவரிடம் ஏற்கெனவே இருந்ததை எடுத்து அவர் கையில் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அப்படியும் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. மகள், பேத்தி, வழக்கம், தெருவின் பேச்சு எல்லாம் சேர்ந்து அவரை நாற்காலியோடு அழுத்தின. தண்ணீர் வராவிட்டால் மறுநாள் உங்கள் வாசலில் வந்து நிற்கிறேன், ஊரே கூடி என்னைத் திட்டட்டும் என்றேன். வந்துவிட்டால் நான் யார் வாசலில் போய் நிற்பது என்று கேட்டேன்.

உள்ளேயிருந்து திரை விலகியது. ஷாகிரா நின்றுகொண்டிருந்தாள். பிள்ளையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டிருந்தாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ தெரியாது.

"அத்தா, இருட்டினப்புறம் இடுப்பளவு தண்ணில என்னத் தூக்கிக்கினு போவப் போறீங்களா? இப்பவே வெளிச்சத்துல நானே போயிடறேன்."

அதன் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது. பாய் எழுந்தார். சரக்கு ஏற்றுகிற குட்டி யானை வண்டியைக் கடை வாசலுக்குக் கொண்டு வரச் சொன்னார். ஏற்றிக்கொண்டிருந்த மூட்டைகளை இறக்கிப் போடச் சொல்லி, மெத்தையை எடுத்துப் போட்டார். உச்சி வெயிலில், நடுத்தெருவில், அவர் மனைவி குடை பிடிக்க, நாற்பது கழியாத பெண், கைப்பிள்ளையோடு படியிறங்கி வந்து வண்டியில் ஏறினாள். அந்தப் பிள்ளை வெளி வெளிச்சத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. தெரு அப்படியே நின்றுவிட்டது. வடை போட்டுக்கொண்டிருந்தவர் சட்டியை இறக்கினார். தையல் மெஷின் சத்தம் நின்றது. நான் கொட்டகைப் பக்கம் திரும்பினேன்.

கொட்டகையில் சின்னப்பொண்ணு எழுந்து நின்றுவிட்டாள். "அந்தப் பச்ச ஒடம்புக்காரியே கெளம்பிடுச்சு. நாம இன்னாத்துக்குக் குந்திக்கினு இருக்கோம், எழுந்திருங்க" என்று தன் ஆட்களைப் பார்த்துச் சொன்னாள். அவ்வளவுதான், எல்லோரும் கிளம்பினார்கள். மூட்டையை எடுக்கலாமா என்று கேட்டவர்களை அவளே அதட்டினாள். கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டர் இறக்கின. ஆட்டை அவிழ்த்தார்கள், மாட்டை ஓட்டினார்கள். கிலோ என்ன விலை என்று கேட்ட அந்தப் பெரியவர் என் ஸ்கூட்டியின் பின்னால்தான் உட்கார்ந்து மேட்டுக்கு வந்தார், என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. அவரை இறக்கிவிட்டு நான் திரும்பத் திரும்பப் போய் வந்தேன். எனக்குப் பயத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது. தண்ணீர் வரும் முன்பே ஜெயித்துவிட்ட சந்தோஷம் அது. வராமல் போயிருந்தாலும் அந்தச் சந்தோஷம் எனக்கு இருந்திருக்கும் என்று இன்றைக்குச் சத்தியமாகச் சொல்வேன்.

தண்ணீர் வந்தது. வெயில் சாய்வதற்குள் வந்தது, மேகமே இல்லாத வானத்துக்குக் கீழே வந்தது. முதலில் சத்தம். பிறகு மூங்கில், வேரோடு ஒரு மரம், யாருடையதோ ஒரு பிளாஸ்டிக் தொட்டி. பள்ளிக்கூட மேட்டில் நின்று எல்லோரும் பார்த்தோம். கொட்டகைக்குள் புகுந்தது, கோட்டைத் தொட்டது, ஒரு பேச்சும் இல்லாமல் அதைத் தாண்டி ஏறியது. பலகை மூழ்கியது. சின்னப்பொண்ணின் சாமை மூட்டைகள் மிதந்து போனதை அவள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். மண்டித் தரை முழுகி, புளி மூட்டைகள் எல்லாம் வீணாயின. பாய் ஒரு தடவை அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு வகுப்பறைக்குள் போய், பெஞ்சில் போட்ட மெத்தைக்கு அருகே தரையில் உட்கார்ந்து பேத்தியின் காலைத் தொட்டுக்கொண்டே இருந்தார். அன்றைக்கு ஓர் உயிர்கூடப் போகவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கு நல்லது. ஆனால் மனுஷன் லேசுப்பட்டவனா?

தண்ணீர் வடிந்து சேறு அள்ளிக்கொண்டிருந்த நாளில் நான் போனேன். இளைஞர்கள் மாலையோடு வந்து வரவேற்றார்கள். கையில் சிவப்புப் பெயிண்ட் டப்பா. புது மட்டத்தில் புதுக் கோடு போடப் போகிறார்களாம், என் கையால்தான் ஆரம்பிக்க வேண்டுமாம். பக்கத்தில் பாய், கூடவே ஒரு கொத்தனார். புதுக் கோட்டுக்கு மேலே ஒரு முழம் தரையை ஏற்றிவிடுவதாகச் சொன்னார். முகமெல்லாம் மலர்ச்சி. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இத்தனையும் பட்டு, அவர்கள் கற்றுக்கொண்டது பழைய கோடு தப்பு என்பதை மட்டும்தான். கோடே தப்பு என்பதை இல்லை. அவர்களைக் குறை சொல்ல நான் யார்? பயந்த மனசுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு அளவு வேண்டும். அதைப் பிடுங்கினால் வேறு எதையாவது கையில் கொடுக்க வேண்டும்.

பிரஷ்ஷை வாங்கினேன். கோடு போடவில்லை. சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குப் பெரிய அம்புக்குறி ஒன்று போட்டேன், மேட்டுப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து. பழைய கோட்டின் மேல் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன். ஒருவருக்கும் பிடிக்கவில்லை. அளவு தெரியாமல் எப்போது ஏறுவது என்று முணுமுணுத்தார்கள். அளவு பார்த்து நின்றால் என்ன ஆகும் என்று பாயைப் பார்த்துக் கேட்டேன். அவர் கொத்தனாரைத் திருப்பி அனுப்பவில்லை, ஆனால் சுண்ணாம்பு வாங்கிக் கொடுத்தார். அது பலிக்கும் என்று எனக்கு அப்போது நம்பிக்கை இல்லை.

நான் ஓய்வு பெற்று களமருதூருக்கே வந்துவிட்டேன். போன மழைக்காலத்தில் ஒரு நாள் டிவியில் ஆரஞ்சு, சிவப்பு என்று ஓடிக்கொண்டிருந்தது. என்னால் உட்கார முடியவில்லை. போன் செய்தால் புதிதாக வந்திருப்பவர்கள் வேலையில் மூக்கை நுழைப்பதாக ஆகிவிடும் என்று கையைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். சாயங்காலம் பாயே கூப்பிட்டார்.

எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருப்பதாகச் சொன்னார். மத்தியானமே ஏறிவிட்டார்களாம். தண்ணீர் எவ்வளவு வந்தது என்று பதறிக் கேட்டேன். தண்ணீரே வரவில்லை, ஓடை பாட்டுக்குக் கிடக்கிறது என்றார். பழைய ஆட்டோ, பழைய சிரிப்பு, பழைய குடை எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தன. என் இடத்துக்குப் புதிதாக ஆர்.ஐ.யாக வந்திருக்கிற பெண்ணை நினைத்துக்கொண்டு, ரொம்பத் திட்டுகிறார்களா என்று கேட்டேன்.

"யார?" என்றார் பாய்.

நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. நான் மறுபடி கேட்டேன், தண்ணீர் வராமலே ஏற்றிவிட்டதற்காக அந்தப் பெண்ணை என்று.

"ஏம்மா திட்டறாங்க? வந்திருந்தா நல்லாவா இருந்திருக்கும்? சின்னப்பொண்ணு சாமை கொண்டாந்துச்சு, நான் கறி வாங்கியாந்தேன், பிரியாணி போட்டுக்கினு இருக்கோம். எம் பேத்தி பெஞ்சு பெஞ்சா தாவிக்கினு இருக்குது. அந்தப் பொண்ணுதான் சாப்பிடாமயே போயிடுச்சு, மொகத்தத் தொங்கப் போட்டுக்கினு."

தங்கையே, அந்தப் பெண் நீதான். பெயர் போடவில்லை, ஆனால் இதைப் படிக்கிறாய் என்று தெரியும். அன்றைக்கு நீ மைக் எடுத்துப் போகவில்லையாம், ஒவ்வொரு வாசலாக நின்று பேசினாயாம். தண்ணீர் வராததால் தோற்றுவிட்டதாக நினைத்து, அலுவலகத்தில் இரண்டு நாள் யார் முகத்தையும் பார்க்கவில்லை என்று உன்னோடு வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். என் காலத்தில் தண்ணீர் வந்து என்னைக் காப்பாற்றியது. வராமலே ஜெயித்தவள் நீ. நான் முழு சர்வீஸிலும் செய்ய முடியாததைச் செய்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போயிருக்கிறாய். அடுத்த சந்தைக்கு மூங்கிலோடைக்குப் போ. பாய் மண்டியில் உட்கார். அன்றைக்குச் சாப்பிடாமல் போனாயே, அந்தப் பிரியாணியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வா.